பாகூர் பதிவேட்டில் ‘நெவே’, கடலூர் பத்திரத்தில் ‘மருமகன்’: இந்த ஐயாக்கண்ணு யார்?

கெடிலக்கரை கேட்டது:

வணக்கம். அப்பா வழிப் பூட்டனாரின் கொடிவழியைத் தொகுத்து வருகிறேன். குடும்பம் புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கம். நிலம் கொஞ்சம் பிரெஞ்சு எல்லைக்குள்ளும் கொஞ்சம் கடலூர் தாலூகாவிலும் இருந்ததால் ஆவணங்களும் இரண்டு அரசாங்கத்திலும் பிரிந்து கிடக்கின்றன. இதுவரை ஐந்து கிடைத்திருக்கின்றன. அவற்றில் எழுதியிருக்கும் உறவுமுறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆண்டும் வயதும் ஆவணத்தில் உள்ளபடியே.

முதலாவது, 1889 பாகூர் திருமணப் பதிவு. மாப்பிள்ளை கோவிந்தசாமி (பூட்டனார்), வயது சுமார் 25. பெற்றோர் முத்துசாமி, அம்மாக்கண்ணு. பெண் அலமேலு, வயது சுமார் 15, தகப்பனார் வேணுகோபால், கடலூர்.

இரண்டாவது, 1896 பாகூர் பிறப்புப் பதிவு. குழந்தை முத்துசாமி (என் பாட்டனார்). தகப்பன் கோவிந்தசாமி. ஆனால் தாய் பெயர் தையல்நாயகி.

மூன்றாவது, 1909-ல் கடலூரில் பதிவான கிரையப் பத்திரம். கோவிந்தசாமி விற்கிறார். சாட்சிகளில் ஒருவர் “மேற்படி கோவிந்தசாமி மருமகன் ஐயாக்கண்ணு”.

நான்காவது, 1913 பாகூர் இறப்புப் பதிவு. கோவிந்தசாமி, வயது சுமார் 55. தகவல் சொன்னவர்களில் ஐயாக்கண்ணு இருக்கிறார், உறவு ‘நெவே’. அகராதியில் பார்த்தால் சகோதரன் அல்லது சகோதரியின் மகன் என்கிறது.

ஐந்தாவது, 1928 கடலூர் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு பக்கம் பாட்டனார் முத்துசாமி. மறுபக்கம் “தம்பிகள்” சுப்பராயன், கிருஷ்ணன். அந்த இருவருக்கும் தகப்பனார் பெயர் “காலஞ்சென்ற ரங்கசாமி” என்று இருக்கிறது. தம்பிகளுக்கு வேறு தகப்பன் எப்படி?

பாட்டனாருக்கு ஓர் அக்காள் இருந்ததாக வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். பாகூரில் 1889 முதல் 1896 வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியும் அப்படி ஒரு பிறப்பு இல்லை. 1891, 1901 சென்சஸில் வீட்டுவாரிப் பட்டியல் கிடைத்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன். அதை எங்கே பார்க்கலாம்?

---

வில்லியனூர் ஏடு எழுதியது:

சென்சஸை முதலில் ஒதுக்கிவிடலாம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கிடைப்பதுபோல் வீட்டுவாரிப் பெயர்ப்பட்டியல் நம் பக்கத்துக்கு இல்லை. தென்னார்க்காடு மாவட்டத்தில் கணக்கெடுப்பாளர்கள் ஆள்வாரியாக எழுதியது உண்மைதான். ஆனால் கூட்டுத்தொகை எடுத்து முடித்ததும் அந்தத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. அச்சில் இருப்பதெல்லாம் தாலூகா, ஊர், வயது, மொழி, தொழில் என்ற எண்ணிக்கைகள்தான். பிற்காலத்துக் கணக்கெடுப்புகளுக்கு 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: பதிவுகளைப் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் ஏற்கமாட்டார்கள். பாகூர் அன்று பிரெஞ்சு மண் என்பதால் பிரிட்டிஷ் சென்சஸுக்குள்ளேயே வராது. உங்களிடம் இருக்கும் குடிமைப் பதிவும் பத்திரமும் அதைவிடப் பலம் வாய்ந்தவை. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேருடைய உறவு எழுதப்பட்டிருக்கிறது.

இனி ஐயாக்கண்ணு. பிரெஞ்சுப் பதிவில் வரும் உறவுச்சொல் மொழிபெயர்ப்பு என்பதை மறக்கக்கூடாது. தகவல் சொன்னவர் தமிழில் சொன்னார், எழுத்தர் பிரெஞ்சில் எழுதினார். அந்தச் சொல்லைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து, எழுத்தர் காதில் விழுந்த சொல் எதுவாக இருக்கும் என்று பாருங்கள். ஓர் ஆண் ‘மருமகன்’ என்று சொன்னால் அது மகளின் புருஷனாகவும் இருக்கலாம், அக்காள் தங்கையின் மகனாகவும் இருக்கலாம், மனைவியின் அண்ணன் தம்பி மகனாகவும் இருக்கலாம். பிரெஞ்சில் முதலாவது ‘ழாந்த்ர்’, மற்ற இரண்டும் ‘நெவே’. எழுத்தர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். ஆகவே 1909 பத்திரமும் 1913 பதிவும் முரண்படவில்லை. இரண்டின் அடியிலும் ‘மருமகன்’ என்ற ஒரே தமிழ்ச் சொல் இருக்கிறது.

அதைவிட முக்கியம், அவர் இரண்டுமாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தை மகனுக்கோ மாமன் மகனுக்கோ பெண் கொடுக்கும் வழக்கத்தில் மருமகன் முறைக்காரரே மாப்பிள்ளையாகவும் வருவார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதற்குக் காரணமே அதுதான். 1819 ஜனவரி 6 ஆணையின்படி உள்ளூர் மக்களின் திருமணம், வாரிசு போன்றவற்றில் அவரவர் வழக்கத்தையே பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றன. அதனால் இத்தகைய திருமணங்கள் மேரியில் (பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில்) தடையில்லாமல் பதிவாகியிருக்கும். தாய்மாமன், அக்காள் மகள் கல்யாணமும் அப்படியே.

இதேபோல் ஏமாற்றும் சொற்கள் இன்னும் உண்டு. ‘ஒன்க்ள்’ என்பதில் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் அடங்கிவிடுவார்கள். அவருடைய தகப்பன் பெயர் குழந்தையின் தகப்பனுடைய தகப்பன் பெயரோடு ஒத்தால் சித்தப்பா அல்லது பெரியப்பா; தாயின் தகப்பன் பெயரோடு ஒத்தால் மாமன். ‘போ-பேர்’ என்றால் மாமனாரும் ஆகும், தாயின் மறுமணத்தால் வந்த தகப்பனும் ஆகும். ‘போ-ஃபிஸ்’ மாப்பிள்ளைக்கும் பொருந்தும், மனைவியின் முந்தைய தாரத்து மகனுக்கும் பொருந்தும். ‘ஃப்ரேர்’ என்று மட்டும் இருந்தால் உடன்பிறந்தவன் என்று முடிவு கட்டாதீர்கள். பெரியப்பா மகனையும் நம்மவர்கள் அண்ணன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கூடவே ‘கொன்சாங்கேன்’ என்று இருந்தால் ஒரே தகப்பன், வேறு தாய். ‘உத்தெரேன்’ என்றால் ஒரே தாய், வேறு தகப்பன். ‘ஜெர்மேன்’ என்றால் தாயும் தகப்பனும் ஒன்று. ஆனால் ‘குசேன் ஜெர்மேன்’ என்று வந்தால் உடன்பிறப்பு அல்ல, ஒன்றுவிட்ட சகோதரன். இந்த அடைமொழிகளைப் பலர் பெயரின் பகுதி என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

எழுத்தைப் படிப்பதிலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். வரி முடிவில் ‘பெத்தி-’ அல்லது ‘போ-’ நின்றுபோய் அடுத்த வரி ‘ஃபிஸ்’ என்று தொடங்கினால், அவசரத்தில் பேரனும் மாப்பிள்ளையும் ‘மகன்’ ஆகிவிடுவார்கள். பெயருக்கு முன்னால் எஃப்-இ-யு என்று மூன்றெழுத்து இருந்தால் காலஞ்சென்றவர் என்று அர்த்தம். பெண்ணுக்குக் கடைசியில் இன்னொரு இ சேரும். ஓர் ஆள் எந்த ஆண்டுக்குள் இறந்தார் என்பதை இந்த மூன்றெழுத்து சொல்லிவிடும். உங்கள் 1889 பதிவில் கோவிந்தசாமியின் பெற்றோர் பெயருக்கு முன்னால் அது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஆண்டு. எண்ணாக எழுதாமல் சொல்லாக எழுதுவார்கள். பிரெஞ்சில் 96 என்பது ‘எண்பது-பதினாறு’ என்ற அமைப்பு. ‘எண்பது’ வரி முடிவில் நின்றுவிட்டால் 1896 உங்கள் கண்ணுக்கு 1880 ஆகத் தெரியும். 60-க்கும் 70-க்கும் இதே குழப்பம் வரும்.

இரண்டு தாய் விஷயத்துக்கு மூன்று விளக்கம் இருக்கலாம். அலமேலு இறந்து தையல்நாயகி இரண்டாம் தாரமாக வந்திருக்கலாம். இருவரும் ஒரே காலத்தில் மனைவியராக இருந்திருக்கலாம். அப்போது அதற்குத் தடை இல்லை. அல்லது அலமேலுவும் தையல்நாயகியும் ஒரே பெண்ணாகவே இருக்கலாம், ஒன்று வீட்டில் கூப்பிடும் பெயர். 1889 முதல் 1896 வரை இரண்டு தேடல் செய்யுங்கள்: அலமேலுவின் இறப்பு, கோவிந்தசாமியின் மறுமணம். மறுமணப் பதிவில் மாப்பிள்ளை பெயரை அடுத்து ‘வெஃப் தெ’ (இன்னாரை இழந்தவர்) என்று வந்து முதல் மனைவி பெயர் எழுதியிருக்கும். தையல்நாயகியின் தகப்பன் பெயரும் வேணுகோபால் என்றால் அக்காள் இறந்தபின் தங்கையைக் கட்டிக்கொண்டார் என்று ஆகும். தாயில்லாக் குழந்தை இருக்கும் வீட்டில் அது மிகச் சாதாரணம்.

அந்தக் குழந்தைதான் நீங்கள் தேடும் அக்காள் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா நடக்கும்? அலமேலுவின் தாய்வீடு கடலூர். அப்படியானால் முதல் குழந்தை பிரிட்டிஷ் எல்லையில் பிறந்தது, பாகூர் ஏட்டில் வந்திருக்காது. பிரெஞ்சு எல்லைக்குள்ளேயே தாய்வீடு இருக்கும் குடும்பங்களிலும் மூத்த குழந்தையைத் தகப்பன் ஊரில் தேடினால் கிடைக்காது. தாய் ஊரில் தேட வேண்டும். பதிவு செய்தவராகத் தகப்பன் பெயர் இல்லாமல் தாத்தாவோ மாமனோ இருப்பார்கள்.

ஐயாக்கண்ணுவின் திருமணப் பதிவைக் கண்டுபிடித்து, பெண் அந்த அக்காள்தான் என்று தெரிந்தால் இரண்டு முடிச்சும் அவிழும். 1905 முதல் 1909 வரை தேடுங்கள். ஏடுகளின் படங்கள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாடு, கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு), ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் ஏடு திறக்கும். ஏட்டின் கடைசியில் அந்த ஆண்டின் பெயர்ப் பட்டியல் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்களைச் சொந்தப் பெயரின் முதலெழுத்தில் தேட வேண்டும். கோவிந்தசாமிக்கு ஜி மட்டும் போதாது, சி-யிலும் கே-யிலும் பாருங்கள். ‘உ’ வரும் இடமெல்லாம் ஓ-யு என்று இருக்கும். பிள்ளை என்பது பி-ஓ-யு-எல்-எல்-இ என்று எழுதப்பட்டிருக்கும். பதிவின் அடியில் தமிழில் கையெழுத்து இருந்தால் பெயரின் சரியான வடிவத்துக்கு அதையே நம்புங்கள்.

கொம்யூன் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1880-ல் புதுச்சேரிப் பகுதியில் நான்குதான்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், திருபுவனை, நெட்டப்பாக்கம் நான்கும் 1907-ல் வந்தவை. ஊர் நகரவில்லை, ஏடு மட்டும் மாறியது.

---

மஞ்சக்குப்பம் பத்திரம் எழுதியது:

நான் 1928 பாகப்பிரிவினை பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் உறவுச்சொல்லைவிட உறுதியான சாட்சி ஒன்று இருக்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்று பாருங்கள்.

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தை மிதாட்சர முறைப்படி பிரிக்கும்போது கிளைவாரியாகத்தான் பிரிப்பார்கள். மூவரும் ஒரே தகப்பன் மக்கள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. முத்துசாமி ஒரு சகோதரனின் ஒரே மகன், மற்ற இருவரும் இன்னொரு சகோதரனின் மக்கள் என்றால் முத்துசாமிக்குப் பாதி, அவர்களுக்குத் தலைக்குக் கால். பத்திரத்தில் எந்தக் கணக்கு வருகிறதோ அதுவே குடும்பக் கொடி. ‘தம்பி’ என்ற சொல் சித்தப்பா மகனுக்கும் வரும். எழுத்தர் பங்காளிகளை அண்ணன் தம்பி என்றே எழுதுவார், தகப்பன் பெயரைத் தனித்தனியாகக் காட்டிவிடுவார். ஆகவே அங்கே பிழை எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பங்கை ஏக்கர் வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒருவருக்கு நஞ்சை, இன்னொருவருக்குப் புஞ்சை என்றால் பரப்பு சரிப்படாது. அ ஷெட்யூல், ஆ ஷெட்யூல் ஒவ்வொன்றின் முடிவிலும் மதிப்பு எழுதியிருக்கும். முத்திரைத்தீர்வை பங்கின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதை எழுதாமல் விடமாட்டார்கள். பங்கைச் சமன் செய்ய ஒருவர் மற்றவருக்கு ரொக்கம் கொடுத்திருந்தால் அதையும் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். ‘பிதுரார்ஜிதம்’ (முன்னோர் வழி வந்தது) என்று குறித்த சொத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். ‘சுயார்ஜிதம்’ (தானே சம்பாதித்தது) என்று ஒதுக்கியதைச் சேர்த்தால் தப்பான கொடி வரும்.

பங்குக் கணக்கால் தெரியாத ஒன்றும் உண்டு. மூத்தாள் மகன், இளையாள் மகன் என்ற வேறுபாடு பெரும்பாலும் பங்கில் தெரியாது, இருவருக்கும் சமம். தாரவாரியாகப் பிரிக்கும் ‘பத்தினி பாகம்’ என்ற வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் பத்திரத்திலேயே காரணம் சொல்லியிருப்பார்கள்.

மகள்கள் பத்திரத்தில் கட்சிக்காரர்களாக வரமாட்டார்கள். ஆகவே உங்கள் பாட்டனாரின் அக்காள் 1928-ல் உயிரோடு இருந்திருந்தாலும் அங்கே பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது. விதவைகளை மட்டும் விடாமல் தேடுங்கள். 1937 இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்துக்கு முன் அவர்களுக்குப் பங்கு இல்லை, ஜீவனாம்சம்தான். “இன்னாருக்கு வருஷம் ஒன்றுக்கு இத்தனை கலம் நெல்” என்பது போன்ற ஷரத்து பத்திரத்தின் பின்பகுதியில் வரும். தையல்நாயகி, ரங்கசாமியின் மனைவி, அதற்கு முந்தைய தலைமுறைப் பாட்டி என்று யார் உயிரோடு இருந்தாலும் அந்த ஒரு வரியில்தான் அகப்படுவார்கள்.

‘மைனர்’ என்று இருந்தால் 1875 மெஜாரிட்டி சட்டப்படி 18 வயது நிறையாதவர். கோர்ட்டு கார்டியன் நியமித்திருந்தால் 21. 1909 பத்திரத்தில் “தனக்காகவும் தன் மைனர் குமாரர் முத்துசாமிக்குக் கார்டியனாகவும்” என்று கோவிந்தசாமி கையெழுத்திட்டிருக்கலாம். 1896-ல் பிறந்தவருக்கு அப்போது 13. வேறு குமாரர் பெயர் எதுவும் அந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பௌத்திரன் என்றால் மகன் வயிற்றுப் பேரன், தௌகித்திரன் என்றால் மகள் வயிற்றுப் பேரன். ‘சுவீகார புத்திரன்’ என்று இருந்தால் அவருடைய பிறப்புப் பதிவில் வேறு தகப்பன் பெயர் இருக்கும். அவரை இரண்டு ஆளாக எழுதிவிடாதீர்கள்.

மேலும் பத்திரம் தேடுவதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் புத்தகத்துக்கு (அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியும் ஏடு) இரண்டு அட்டவணை உண்டு. முதல் அட்டவணை ஆள் பெயர் வரிசை, இரண்டாவது சொத்து வரிசை. பழைய ஆண்டுகளுக்கு ஆள் பெயரில் தேடினால் ஒரே பெயர்க்காரர் பத்துப் பேர் வருவார்கள். 1928 பத்திரத்திலுள்ள சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சொத்து வரிசையில் பின்னோக்கிப் போங்கள். இணையத்தில் வில்லங்கம் எட்டாத ஆண்டுகளுக்குக் கைத்தேடல் மனுதான் வழி. முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. உயில் இருக்கும் மூன்றாம் புத்தகத்தில் நகல் கேட்டால், எழுதியவர் இறந்துவிட்டார் என்று காட்ட வேண்டியிருக்கும்.

பத்திரத்தில் ஆங்கிலத் தேதி இல்லாமல் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால்: விகாரி 1899–1900, அதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலையின் ஆண்டு வரும்.

---

ஞானத்தகப்பன் எழுதியது:

கெடிலக்கரையின் குடும்பத்துக்கு இது பொருந்தாது. ஆனாலும் இதே குழப்பத்தோடு வரும் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்குக் கோவில் ஏட்டில் நேரடியான விடையே இருக்கலாம். நெருங்கிய உறவில் கல்யாணம் என்றால் திருச்சபையிடம் விலக்கு வாங்க வேண்டும், அது திருமணப் பதிவிலேயே லத்தீனில் குறிக்கப்படும். பழைய எண்ணும் முறையில் ‘இரண்டாம் படி இரத்த உறவு’ என்றால் அத்தை மகன், மாமன் மகள் போன்றவர்கள். ‘இரண்டாம் படி, முதலாம் படியைத் தொட்டது’ என்றால் தாய்மாமன், அக்காள் மகள். ‘மூன்றாம் படி’ என்றால் இன்னும் ஒரு தலைமுறை தள்ளி. 1983-ல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் எண்ணும் முறை மாறியது. இப்போது அத்தை மகன் நான்காம் படி, தாய்மாமன் மூன்றாம் படி. புதிய சட்டத்தை வைத்துப் பழைய ஏட்டைப் படித்தால் உறவு ஒரு தலைமுறை தவறிவிடும். மனைவி இறந்து அவள் தங்கையைக் கட்டினால் ‘இரத்த உறவு’ என்று இருக்காது, ‘சம்பந்த உறவு, முதல் படி’ என்று இருக்கும்.

ஞானஸ்நானப் பதிவில் வரும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எடுத்து வையுங்கள். பெரும்பாலும் மாமனோ அத்தையோ பாட்டனோதான். ஆனால் அதை மட்டும் வைத்து இரத்த உறவு என்று எழுதிவிடக் கூடாது.

---

ஒதியஞ்சாலை எழுதியது:

ரங்கசாமி கிளை பிரெஞ்சு ஏட்டில் திடீரென்று காணாமல் போனால் ரெனோன்சாசியோனையும் பாருங்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் தங்களுக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றுமுதல் பட்டியலில் அந்தப் பெயரின் எழுத்தில்தான் வருவார்கள். வயது வந்த சகோதரர்கள் தனித்தனியாகத் துறந்து வேறு வேறு பெயர் எடுத்திருந்தால், கூடப்பிறந்தவர்கள் அந்நியர்போல் தெரிவார்கள். மைனர் பிள்ளைகள் தகப்பனோடு சேர்ந்துவிடுவார்கள். துறப்பு ஆவணத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் அந்த ஒரு தாள்தான் பாலம்.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன ஆண்டுகளைத் தேடியதில் கிடைத்தவை இவை.

1892-ல் அலமேலுவின் இறப்பு. 1894-ல் கோவிந்தசாமியின் மறுமணம், ‘வெஃப் தெ’ அலமேலு என்று தெளிவாக இருக்கிறது. தையல்நாயகியின் தகப்பனார் காலஞ்சென்ற வேணுகோபால், கடலூர். தாயார் பெயரை அலமேலுவின் பதிவோடு ஒப்பிட்டேன், அதுவும் ஒன்றே.

1907-ல் ஐயாக்கண்ணுவின் திருமணம். வயது சுமார் 22, பெற்றோர் நடேசன், பொன்னம்மாள். பெண் அஞ்சலை, வயது சுமார் 16, கடலூரில் பிறந்தவர், தகப்பன் கோவிந்தசாமி, தாய் காலஞ்சென்ற அலமேலு. பிறப்புச் சான்றுக்குப் பதிலாக ‘நொத்தொரியெத்தே’ என்று ஏதோ ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

1928 பத்திரத்தில் மதிப்புப்படி முத்துசாமிக்குப் பாதி, மற்ற இருவருக்கும் கால் கால். ஜீவனாம்ச ஷரத்தில் தையல்நாயகியும், ரங்கசாமியின் மனைவியும் இருக்கிறார்கள். 1889 பதிவில் முத்துசாமிக்கு முன்னால் எஃப்-இ-யு இருக்கிறது, அம்மாக்கண்ணுவுக்கு இல்லை.

பொன்னம்மாளைக் கோவிந்தசாமியின் தங்கை என்று எழுதிவிடலாமா?

---

வில்லியனூர் ஏடு எழுதியது:

அஞ்சலை கிடைத்துவிட்டார், மனம் நிறைந்தது. அந்த ‘நொத்தொரியெத்தே’ என்பது பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்கு, தெரிந்தவர்களின் வாக்குமூலத்தைப் பெற்று எழுதும் ஆவணம். அதில் பிறந்த இடமும் உத்தேச ஆண்டும், ஏன் பிறப்புச் சான்று இல்லை என்பதும் இருக்கும். 1907-ல் சுமார் 16 என்றால் 1890 அல்லது 1891. தலைப்பிரசவக் கணக்கோடு பொருந்துகிறது.

பொன்னம்மாளை இப்போதைக்குப் பென்சிலில் எழுதுங்கள். ஐயாக்கண்ணு மாப்பிள்ளை என்பது உறுதியாகிவிட்டது. ‘நெவே’ என்பதற்கு இன்னும் இரண்டு வழி திறந்திருக்கிறது. பொன்னம்மாள் முத்துசாமி, அம்மாக்கண்ணுவின் மகளாக இருந்தால் அஞ்சலை கட்டியது அத்தை மகனை. நடேசன் கடலூர் வேணுகோபாலின் மகனாக இருந்தால் அஞ்சலை கட்டியது மாமன் மகனை. அப்போதும் கோவிந்தசாமிக்கு ஐயாக்கண்ணு மருமகன்தான், பிரெஞ்சில் ‘நெவே’தான். இரண்டும் இல்லாமல், எழுத்தர் ‘மருமகன்’ என்பதைத் தவறாகப் பெயர்த்திருக்கவும் இடம் உண்டு.

இறப்புப் பதிவில் தகவல் சொல்பவர்கள் நெருங்கிய உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்க வேண்டும், உறவையும் குறிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உறவைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் இறந்தவருடைய வயதை அவர்கள் உத்தேசமாகவே சொல்வார்கள். 1889-ல் 25 என்றால் 1913-ல் 49 ஆகியிருக்க வேண்டும், 55 என்று இருக்கிறது. 0-விலும் 5-லும் முடியும் வயதை எப்போதும் சந்தேகியுங்கள். 25-உம் 5-ல் முடிவதுதான், ஆனாலும் இப்போதைக்குத் திருமணப் பதிவின் வயதை எடுத்துக்கொண்டு கோவிந்தசாமி பிறப்பு 1864-ஐ ஒட்டி என்று குறிப்பது நல்லது.

நடேசன், பொன்னம்மாள் திருமணப் பதிவில் இருவருடைய பெற்றோரும் இருப்பார்கள். ஒரே தாளில் இரண்டு சந்தேகமும் தீரும். ஐயாக்கண்ணு 1885-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பதால் 1880 முதல் 1885 வரை பாருங்கள். இந்துக் குடும்பங்களின் பதிவு 1880-ல் வந்த குடிமைப் பதிவு ஆணைக்குப் பிறகுதான் ஒழுங்காகத் தொடங்குகிறது. அவர்கள் அதற்கு முன்பே கட்டியிருந்தால் கிடைக்காமல் போகலாம். அப்போது பொன்னம்மாளின் இறப்புப் பதிவைத் தேடுங்கள், ‘இன்னாருடைய மகள், நடேசனின் மனைவி’ அல்லது ‘விதவை’ என்று இருக்கும். முத்துசாமி என்ற பெயர் மட்டும் ஒத்தால் போதாது. உங்கள் பாட்டனாருக்கே அவருடைய பாட்டன் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், பேரன் என்பதே பெயரன்தானே. பங்காளி வீட்டிலும் அதே பெயரில் ஒருவர் இருந்திருப்பார். அம்மாக்கண்ணு பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்த பிறகு மையில் எழுதுங்கள். 1907-க்கு முந்தைய தேடல் என்பதால் பாகூர் ஏட்டில் அகப்படாவிட்டால் வில்லியனூர் ஏட்டையும் புரட்டிவிடுங்கள்.